மொழி தெரியாத துரைக்கு வேலை பழக்கிய கதை: பிரிட்டிஷ் ஆசியாவின் ‘கேடட்’ முறை

ஐ.சி.எஸ்., அதாவது இந்திய சிவில் சர்வீஸ் என்றால் நம்மூரில் பலருக்கும் தெரியும். கலெக்டர் துரை, ஜமாபந்தி, குதிரைச் சவாரி, கூடார முகாம் என்று ஒரு சித்திரம் உடனே கண்முன் வந்துவிடும். அதே காலத்தில் இலங்கை, மலாயா, ஹாங்காங் ஆகிய மூன்று இடங்களுக்கும் லண்டன் தனியாக ஒரு கூட்டத்தைப் பொறுக்கி எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. அவர்களைக் ‘கேடட்’ என்று அழைத்தார்கள். பயிற்சியில் இருக்கும் இளநிலை அதிகாரி என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கல்லூரியிலிருந்து நேரே வந்த இளைஞர்கள். கப்பலை விட்டு இறங்கும்போது ஊர் மக்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாது. சில ஆண்டுகளிலேயே வழக்கு விசாரிப்பார்கள், வரி வசூலிப்பார்கள், ஒரு மாவட்டத்தையே நடத்துவார்கள். சிலர் கவர்னராகவே உயர்ந்தார்கள்.

அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், என்ன கற்றுக்கொடுத்தார்கள், யாரை உள்ளே விடவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த முறையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே அச்சம்தான் வேலை செய்கிறது. ஆள்பவனுக்கும் மக்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்கிறானே ஒருவன், அவனை நம்பலாமா என்ற அச்சம்.

நிர்வாக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவை லண்டனில் இந்தியா ஆபீஸ் கவனித்தது. இலங்கையும் ஹாங்காங்கும் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சகமான காலனி ஆபீஸின் கீழ் இருந்தன. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் சேர்ந்த ‘நீரிணைக் குடியேற்றங்கள்’ முதலில் கல்கத்தாவின் பிடியில் இருந்து, 1867 ஏப்ரல் 1 அன்று காலனி ஆபீஸின் கைக்கு மாறின. ஆக, ஐ.சி.எஸ். ஒரு குடும்பம் என்றால் கேடட்கள் அதன் பங்காளிகள்.

கும்பெனி காலத்தில் தேர்வெல்லாம் கிடையாது. கிழக்கிந்தியக் கும்பெனியின் இயக்குநர் ஒருவருக்கு வேண்டப்பட்ட பையனாக இருந்தால் போதும், ‘ரைட்டர்’ என்ற கடைநிலைப் பதவியில் கப்பலேறிவிடலாம். வந்து இறங்கிய இடத்தில் வரவு செலவு, வீடு, வேலைக்காரர், கடன் என எல்லாவற்றையும் துபாஷி என்ற உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்-தரகர்தான் பார்த்துக்கொள்வார். பதினேழு வயதுப் பையன் கடனில் மூழ்குவான். கடன் கொடுத்தவர் சொல்வதற்கு மாறாக அப்புறம் அவனால் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?

இதைச் சரிசெய்ய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1800இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். கும்பெனியின் இயக்குநர்கள் தங்கள் பங்குக்கு 1806இல் இங்கிலாந்திலேயே ஒரு கல்லூரி திறந்தார்கள். சில ஆண்டுகளில் அது ஹெய்லிபரிக்கு இடம் மாறியது. மக்கள்தொகை பற்றி எழுதிப் புகழ்பெற்ற மால்தஸ் அங்கே வரலாறும் பொருளாதாரமும் நடத்தினார்.

சென்னைக்கும் ஒன்று வந்தது. 1812இல் ஃபிரான்சிஸ் வைட் எல்லிஸ் முன்னின்று தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தமிழில் ‘சென்னைக் கல்விச் சங்கம்’ என்றார்கள். புதிதாக வந்த சிவிலியன்களுக்கு, அதாவது கும்பெனியின் நிர்வாக அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் வேலை. பாடம் நடத்தியவர்கள் நம் புலவர்கள். தாண்டவராய முதலியார் போன்றவர்கள் அங்கே பணிபுரிந்தார்கள். அவருடைய பஞ்சதந்திரத் தமிழ் உரைநடை 1826இல் வெளிவந்தது, பின்னாளில் நம் பள்ளிப் பிள்ளைகளும் அதைப் படித்தார்கள். எல்லிஸுக்கு ஒரு நடைமுறைக் கேள்வி இருந்தது: தென்னிந்திய மொழிகளில் ஒன்றைக் கற்றவன் இன்னொன்றை எளிதாகக் கற்க முடியுமா? அதற்கு விடை தேடியபோது இந்த மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816இல் ஆதாரத்தோடு எழுதிவிட்டார். ராபர்ட் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்கு 40 ஆண்டுகள் முன்பு. இளநிலை அதிகாரிகளின் பயிற்சிக்கூடம் ஒன்றிலிருந்து நமக்குக் கிடைத்த ஆகப்பெரிய வரவு இதுதான் என்று நினைக்கிறேன்.

நியமன முறை 1853இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. 1854இல் மெக்காலே தலைமையிலான குழு அறிக்கை தந்தது, 1855இல் முதல் போட்டித் தேர்வு நடந்தது. அந்த அறிக்கை பரிந்துரைத்த மதிப்பெண்களைப் பாருங்கள். கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. தமிழ், வங்காளம், இந்துஸ்தானி எதற்கும் இடமில்லை. ஒருவனுக்கு மூளை இருக்கிறதா, பொதுக்கல்வியில் அவன் தேர்ந்தவனா என்பதை மட்டும் தேர்வு காட்டினால் போதும், வேலைக்கு வேண்டியதைத் தேர்வான பிறகு கற்றுக்கொள்வான் என்பது மெக்காலேயின் வாதம். தேர்வு வேறு, பயிற்சி வேறு என்ற இந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் கேடட் முறை முழுவதும் விளங்கிவிடும். இன்றும் வேதியியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் ஒரே தேர்வெழுதி சப்-கலெக்டர் ஆகிறார்கள் என்றால் அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, ஹாங்காங்குக்கு வருவோம். கேடட் முறை பிறந்தது அங்கேதான்.

1850களின் ஹாங்காங் அரசாங்கத்தில் ஆங்கிலமும் சீனமும் சரளமாகத் தெரிந்த அதிகாரி என்று சொல்ல ஏறக்குறைய ஒரே ஒருவர்தான் இருந்தார், டேனியல் கால்டுவெல். (திருநெல்வேலி கால்டுவெல் வேறு, இவர் வேறு.) சிங்கப்பூர்ப் பக்கம் வளர்ந்தவர், பல மொழிகள் பேசுவார், சீனப் பெண்ணை மணந்தவர். நீதிமன்றத்திலும் போலீஸிலும் அவர் மொழிபெயர்ப்பதுதான் உண்மை என்று எல்லாரும் ஏற்றாக வேண்டிய நிலை. 1856இல் அவரைத் தலைமைப் பதிவாளராகவும் சீனர்களின் பாதுகாவலராகவும் ஆக்கினார்கள். 1858இல் அட்டர்னி ஜெனரல் ஆன்ஸ்டி அவர்மீது பெரிய குற்றச்சாட்டுகளை அடுக்கினார். கடற்கொள்ளையருக்கு உடந்தையாக இருந்த ஒருவனோடு அவருக்குக் கூட்டு, விபசார விடுதிகளில் ஆதாயம் என்றெல்லாம் பேச்சு. விசாரணைகள் நடந்தன, கடைசியில் அவர் பதவி பறிபோனது.

அவர் குற்றவாளியா இல்லையா என்பதைவிட இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அவர் சொல்வது சரியா என்று சரிபார்க்கக்கூட அரசாங்கத்தில் ஆள் இல்லை. ஒரு நகரத்தின் சட்டம், வரி, காவல் எல்லாம் ஒரே ஒருவரின் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

கவர்னர் ஹெர்குலிஸ் ராபின்சன் இதைப் பார்த்துவிட்டு 1861இல் ஒரு திட்டம் அனுப்பினார். இங்கிலாந்திலிருந்து படித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து வரவழைப்போம், வேறு வேலை கொடுக்காமல் சீனம் மட்டும் படிக்கவைப்போம், அப்புறம் அவர்களை மொழிபெயர்ப்பாளர்களாக வைத்துக்கொள்வோம் என்பது அதன் சாரம். 1862இல் முதல் மூவர் தேர்வானார்கள்: சிசில் கிளெமெண்டி ஸ்மித், வால்டர் டீன், மால்கம் டொனாக்கி.

திட்டம் எழுதியபடி நடந்ததா? இல்லை. மொழி தெரிந்த, நம்பகமான, படித்த ஓர் ஆங்கிலேய இளைஞன் கையில் இருக்கும்போது அவனை நீதிமன்றத்தில் மொழிபெயர்க்க மட்டும் யார் விட்டுவைப்பார்கள்? ஒவ்வொரு துறையும் அவர்களை இழுத்துக்கொண்டது. டீன் 1867இல் போலீஸ் தலைவர். டொனாக்கி சிறைக் கண்காணிப்பாளர். ஸ்மித் பிற்பாடு சிங்கப்பூருக்குப் போய் 1887இல் நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னர் ஆனார். மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்கத் தொடங்கிய திட்டம், நிர்வாகிகளின் வரிசை ஒன்றை உருவாக்கிவிட்டது. நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் நின்று மொழிபெயர்க்கும் வேலை பழையபடி உள்ளூர் ஆட்களிடமே போனது. கவர்னர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கேடட் வழியில் வந்தவர்கள் நிலையாக இருப்பார்கள் என்பதால், நாளடைவில் ஹாங்காங்கின் உண்மையான பிடி இவர்களிடமே வந்து சேர்ந்தது. 1881இல் கேடட்டாகச் சேர்ந்த ஹென்றி மே 1912இல் அங்கேயே கவர்னர் ஆனார். கிளெமெண்டி ஸ்மித்தின் உறவினர் சிசில் கிளெமெண்டி 1899இல் கேடட், 1925இல் கவர்னர்.

மொழிப் பயிற்சியை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் கேடட்களை ஹாங்காங்கில் வைத்துக்கொள்ளாமல் தென்சீனாவின் கான்டன் நகருக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு, ஆசிரியரோடு உட்கார்ந்து கான்டனீஸ் படிப்பதுதான் வேலை. ஆங்கிலம் பேசும் கூட்டத்திலிருந்து பிரித்துவைத்தால்தான் மொழி வரும் என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள். இந்தப் பள்ளியிலிருந்து நிஜமான அறிஞர்களும் வந்தார்கள். 1898இல் ஹாங்காங் கேடட்டாகத் தேர்வான ரெஜினால்ட் ஜான்ஸ்டன்தான் பின்னாளில் பீக்கிங் அரண்மனையில், சீனாவின் கடைசிப் பேரரசர் பூயிக்கு ஆசிரியராக இருந்தவர்.

சிங்கப்பூரிலும் இதே கதை, இன்னும் மோசமான வடிவில் நடந்துகொண்டிருந்தது. சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊர். 1870களின் தொடக்கம் வரை அரசாங்கத்தில் சீனம் படிக்கத் தெரிந்த ஐரோப்பிய அதிகாரி கிடையாது. 1872இல் வில்லியம் பிக்கரிங் வந்து சேர்ந்தார். கேடட் அல்ல, சீனக் கடற்கரையில் பல ஆண்டு வேலை பார்த்து மொழி கற்றவர். அரசாங்க அறிவிப்புகளின் சீன மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தால், ஐரோப்பியரைச் ‘செம்முடிக் காட்டுமிராண்டிகள்’ என்றும் போலீஸாரைப் ‘பெரிய நாய்கள்’ என்றும் எழுதியிருந்ததாம். அரசு முத்திரையோடு சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்புகள்! நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களில் பலர் ரகசியச் சங்கங்களோடு தொடர்புடையவர்கள் என்றும் அவர் கருதினார். 1877இல் சீனர் பாதுகாப்பகம் என்ற தனி அலுவலகம் தொடங்கி அதற்கு அவரையே தலைவராக்கினார்கள்.

மலாயாவுக்குப் போன கேடட்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. எந்த மொழியைப் படிப்பது? மலாய் கட்டாயம், அதில் தேர்ச்சி பெறாமல் பதவி உறுதியாகாது. அதற்கு மேல் சிலரைச் சீனத்துக்கு என்று ஒதுக்கி, கான்டன், அமோய் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெருகியதும் தொழிலாளர் துறைக்குத் தமிழ் தெரிந்த அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். அப்படித் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட கேடட்கள் மதராஸ் மாகாணத்துக்கு வந்து படித்துவிட்டுப் போனார்கள். எந்த மொழியை ஒதுக்குகிறார்களோ அதுவே பெரும்பாலும் ஒருவருடைய வாழ்க்கைப் பாதையாகிவிடும். சீனம் படித்தவர் சீனர் பாதுகாப்பகத்துக்கு, தமிழ் படித்தவர் தோட்டத் தொழிலாளர் விவகாரத்துக்கு, மலாய் மட்டும் படித்தவர் மாவட்ட நிர்வாகத்துக்கு. மாவட்ட நிர்வாகத்துக்குத்தான் மதிப்பு அதிகம். 1871இல் சிங்கப்பூர் வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் மலாய் கற்றே உச்சிக்குப் போனார். தமிழ்த் தொழிலாளி ஒருவன் தன் குறையைச் சொல்ல நேர்ந்தால், அதைக் கேட்கக்கூடிய அதிகாரிகள் கூட்டம் நிர்வாகத்தின் ஓரத்தில்தான் இருந்தது. இது எனக்கு மிக முக்கியமான செய்தியாகப் படுகிறது.

இனி தேர்வுக்கு. 1882 முதல் இலங்கை, நீரிணைக் குடியேற்றங்கள், ஹாங்காங் மூன்றுக்கும் ஒரே திறந்த போட்டித் தேர்வு. 1896இல் அதை ஐ.சி.எஸ். தேர்வோடும் பிரிட்டனின் உள்நாட்டு சிவில் சர்வீஸ் தேர்வோடும் இணைத்துவிட்டார்கள். அதே ஆண்டு உருவான மலாய்க் கூட்டு மாநிலங்களுக்கும் இதே வழியில் ஆள் எடுத்தார்கள். ஒரே தேர்வு, ஒரே தரவரிசை. மேலே வந்தவர்கள் பெரும்பாலும் லண்டனில் பதவியையோ இந்தியாவையோ எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு மிஞ்சியவை கீழைநாட்டுக் கேடட் பதவிகள். நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல், பட்டியலில் தன் பெயர் எங்கே நின்றது என்பதை வைத்தே ஒருவனுடைய முப்பது ஆண்டு வாழ்க்கை முடிவாகும்.

அப்படி இலங்கைக்கு வந்தவர்தான் லெனார்ட் உல்ஃப். எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் கணவர் என்று பின்னாளில் அறியப்பட்டவர். கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். 1904இல் தேர்வெழுதினார், பட்டியலில் வெகு கீழே வந்தார், கேடட் பதவி கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கொழும்பு வந்து இறங்கினார். சாமான்களில் வால்டேர் எழுத்துகளின் 90 தொகுதிகள், கூடவே ஒரு நாய். 1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாண ரயில் பாதை இன்னும் முழுமையாகவில்லை. அனுராதபுரம் வரை ரயில், அதற்கப்பால் காட்டு வழியே தபால் மாட்டுவண்டி.

யாழ்ப்பாணக் கச்சேரி என்பது ஏஜெண்டுத்துரையின் அலுவலகம். வட மாகாணம் முழுவதற்கும் அவர்தான் அரசாங்கம். அவருக்குக் கீழே கச்சேரி முதலியார், எழுத்தர்கள். வெளியே மணியகாரர், உடையார், விதானை என்று ஊர்த்தலைவர்களின் படிநிலை. புதிய கேடட் இந்த ஏஜெண்டுத்துரையிடம் ஒப்படைக்கப்படுவார். பாடத்திட்டம், வகுப்பறை எதுவும் கிடையாது. கோப்புகளைப் படிக்க வேண்டும், கடிதங்களுக்குப் பதில் வரைய வேண்டும், சுற்றுப்பயணத்தில் கூடப் போக வேண்டும், மனுக்களைக் கேட்க வேண்டும். சின்ன வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமும் கையில் வரும். இதற்கிடையே முன்ஷி என்ற மொழி ஆசிரியரிடம் தமிழ் படித்து, சட்டம், கணக்கு, மொழி ஆகியவற்றில் இலாகாத் தேர்வு எழுத வேண்டும். உல்ஃப் தமிழ் கற்றார், பிறகு கண்டிக்கு மாற்றலானதும் சிங்களமும் கற்றார்.

1906இல் மன்னார்ப் பக்கம் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது அவரை அங்கே அனுப்பினார்கள். வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நகரம் எழும்பி மறையும். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரேபியர், இரு கரைகளிலுமிருந்து வந்த தமிழர், முஸ்லிம்கள், வியாபாரிகள் என்று ஆயிரக்கணக்கானோர். படகுகள் கரைக்கு வந்ததும் சிப்பிகளை வேலியடைத்த ‘கொட்டு’வுக்குள் கொண்டுவந்து கொட்ட வேண்டும். ஒவ்வொரு குளிகாரரும் தன் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார். அரசாங்கத்துக்கு இரண்டு பங்கு, அவருக்கு ஒரு பங்கு. எந்த இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு என்று சுட்டிக்காட்டுவது அதிகாரி. எது போகும் என்று தெரியாததால் பிரிப்பவர் மூன்றையும் சமமாகத்தான் பிரிப்பார். எளிமையான, கெட்டிக்கார ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைக் கற்றுக்கொடுக்க கேம்பிரிட்ஜில் ஆள் இல்லை. இரவு பகலாக அந்த நாற்றத்தில் நின்றுதான் ஒருவர் கற்க முடியும். அங்கே ஒழுங்கைக் காக்க நின்ற வெள்ளை அதிகாரிகளோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்.

கேடட் முறையின் பலம் இதில் தெரிகிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். பொறுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் புத்திசாலி இளைஞன் வேலையைக் கற்றுவிடுவான். ஆனால் அவனுக்கு யார் கற்றுத்தருகிறார்கள்? மேலதிகாரி ஒருவர். மற்றபடி, கணக்கு எப்படி எழுதுவது, எந்த ஊரில் எந்தச் சண்டை, எந்த மனு பொய் என்பதையெல்லாம் சொல்லித்தருவது கச்சேரியின் எழுத்தர்களும் முதலியாரும் முன்ஷியும். எந்த இடைத்தரகரை நம்பக் கூடாது என்று இந்த முறையை உருவாக்கினார்களோ, அதே இடைத்தரகரே ஆசிரியராக நின்றார். அவருக்குக் குருதட்சிணையாகக் கிடைத்தது மாதச் சம்பளம் மட்டுமே, கேடட் போகும் பதவிக்கு அவரால் போக முடியாது.

அதிகாரத்தோடு நடந்துகொள்வதும் இந்தப் பயிற்சியில் தானாக ஒட்டிக்கொள்ளும். உல்ஃப் கண்டிப்பானவர். கடிதம் வந்த அன்றே பதில் போக வேண்டும் என்று கச்சேரியை விரட்டினார். ஒருநாள் ஏஜெண்டுத்துரையோடு யாழ்ப்பாணத் தெருவில் குதிரையில் போகும்போது, தெருவை ஆக்கிரமித்து நின்ற ஒரு திண்ணையைச் சவுக்கால் சுட்டிக்காட்டினார். பக்கத்தில் வண்டியில் வந்த உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர், தன் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று புகார் சொன்னார். யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் கவர்னர் வரை கொண்டுபோனது. உல்ஃப் அடிக்கவில்லை என்று கடைசிவரை சொன்னார். ஆனால் பல ஆண்டுகள் கழித்து அதைப் பற்றி நேர்மையாக எழுதினார். தான் அடிக்காதது உண்மை, ஆனாலும் அவர்கள் ஊரின் நடுத்தெருவில் தான் குதிரைமேல் அமர்ந்திருந்த தோரணையே அவர்கள் முகத்தில் விழுந்த அடி என்று அவர்கள் உணர்ந்ததில் நியாயம் இருந்தது என்பது அவர் எழுதியதன் கருத்து. 1911இல் விடுமுறையில் ஊர் போனவர், அடுத்த ஆண்டு பதவியை விட்டே விலகினார்.

இப்போது கதவுக்கு வெளியே நின்றவர்களைப் பார்ப்போம். விதிகளைப் படித்தால் இலங்கை ஓரளவு திறந்த இடம். 1833இலேயே இலங்கை சிவில் சர்வீஸ் உள்ளூர்க்காரர்களுக்கும் உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். திறந்த போட்டித் தேர்வில் வென்று நுழைந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம், 1875இல். கேம்பிரிட்ஜில் படித்த கொழும்புத் தமிழர். உள்ளே வந்த பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. இலங்கையர்களை நீதித்துறைப் பக்கமும் மற்ற இலாகாக்களுக்கும் அனுப்புவார்கள், ஒரு மாகாணத்தை ஆளும் ஏஜெண்டுத்துரை பதவியைக் கொடுக்கத் தயங்குவார்கள். அருணாசலமும் மாஜிஸ்திரேட், நீதிபதி, பதிவாளர் நாயகம் என்றே போனார். 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்தி அவர் எழுதிய அறிக்கை அறிஞர்களின் பாராட்டைப் பெற்றது. தமிழ் மாகாணம் ஒன்றை ஆள, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இவரை விட்டுவிட்டு, லண்டனிலிருந்து ஒருவரை வரவழைத்து முன்ஷி வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். ஓய்வுக்குப் பிறகு அவர் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானதில் வியப்பில்லை.

இந்தியாவில் சத்தியேந்திரநாத் தாகூர் 1863இலேயே தேர்வானார். ஆனால் தேர்வு லண்டனில் மட்டும். வயது வரம்பை 1878இல் 19ஆகக் குறைத்தார்கள். பதினெட்டு வயதுப் பையனைக் கடல் கடந்து அனுப்பிப் படிக்கவைக்க எத்தனை குடும்பங்களால் முடியும்? எழுத்துத் தேர்வில் வென்றாலும் குதிரையேற்றம் உண்டு. அரவிந்தர் 1890இல் தேர்வில் வென்றும் குதிரையேற்றத் தேர்வைத் தாண்டாததால் 1892இல் நிராகரிக்கப்பட்டார். இந்தியாவிலும் தேர்வு நடத்தத் தொடங்கியது 1922இல்தான்.

மலாயாவில் இந்தச் சுற்றுவழிகூட இல்லை. 1904இல் விதியையே எழுதிவிட்டார்கள்: தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் கலப்பற்ற ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் பிறந்து அங்கேயே படித்த சீனரோ தமிழரோ யூரேசியரோ விண்ணப்பிக்கவே முடியாது. மலாய் உயர்குடிப் பிள்ளைகளுக்காக 1905இல் கோலா கங்சாரில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அங்கே படித்து வந்தவர்களுக்கு 1910இல் மலாய் நிர்வாகப் பணி என்று தனியாக ஒரு கீழ்ப்பிரிவு. ஆண்டுக்கணக்கில் மாவட்டத்தைச் சுற்றிய மலாய் அதிகாரி, நேற்று வந்து மலாய் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும் கேடட்டை விடக் கீழ்ப்படியில் நிற்பார். இந்த முறையில் எனக்குப் பொறுக்க முடியாத இடம் இதுதான். உள்ளூர் மொழி தெரிந்திருப்பதே நல்ல அதிகாரியின் முதல் தகுதி என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்தவர்கள், அந்தத் தகுதியோடு பிறந்தவர்களைப் பிறப்பைக் காட்டியே தள்ளிவைத்தார்கள்.

ஜப்பானியர் 1941 டிசம்பரில் ஹாங்காங்கையும் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரையும் கைப்பற்றியபோது கேடட் வழியில் வந்த அதிகாரிகளில் பலர் சிறைமுகாம்களுக்குப் போனார்கள். போர் முடிந்து திரும்பியவர்களால் பழைய விதிகளை வைத்துக்கொண்டு நீண்ட நாள் ஓட்ட முடியவில்லை. ஹாங்காங்கில் முதல் சீனக் கேடட்டாக பால் சுய் 1948இல் சேர்ந்தார். 1960இல் கேடட் என்ற பதவிப் பெயரை மாற்றி, நிர்வாக அதிகாரி என்றாக்கினார்கள். இலங்கை சிவில் சர்வீஸ் 1963இல் கலைக்கப்பட்டு இலங்கை நிர்வாக சேவை வந்தது. பயிற்சியின் அடிப்படை மட்டும் பல நாடுகளில் அப்படியே தொடர்கிறது. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட வெளிமாநில ஐ.ஏ.எஸ். அதிகாரி தமிழ்த் தேர்வில் தேற வேண்டும். முசோரி வகுப்புகளை விட்டு மாவட்டத்துக்கு வந்து, கலெக்டரோடும் தாசில்தாரோடும் வேலை பார்த்துத்தான் அவர் தொழில் பழகுகிறார். கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டைப் பிரித்து வைத்து, பட்டா எது, அடங்கல் எது என்று அவருக்கு விளக்குகிறார்.